புகையைப் புதைக்கும் முன் கிணற்றை அளந்து வையுங்கள்

(எர்ணாவூரில் கூடிய உழவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மீஞ்சூர், பொன்னேரி, சோழவரம் வட்டாரங்களிலிருந்து வந்திருக்கிறீர்கள். நெல் விதை நேர்த்தியைப் பற்றியோ வேர்க்கடலைக்கு ஜிப்சம் இடுவதைப் பற்றியோ பேசியிருந்தால் உங்களுக்கு உடனே பயன்பட்டிருக்கும். இன்று நான் பேச வந்திருப்பது ஆலைப் புகையைப் பற்றி. புகையிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்து, குழாய் வழியே கொண்டுபோய், நிலத்தின் ஆழத்தில் புதைக்கும் முறையைப் பற்றி உலகெங்கும் பேசுகிறார்கள். பிடிப்பது ஆலைக்காரர் வேலை. ஆனால் குழாய் போவதும், துளையிடுவதும், புதைப்பதும் பெரும்பாலும் உழவர் நிலத்தில்தான் நடக்கும். ஆகவே இதன் விதிமுறைகளை நாமும் தெரிந்துகொள்வது அவசியம்.

எர்ணாவூரில் நின்று பார்த்தாலே இதன் அளவு புரியும். மேற்கே மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் உள்ளன. வடக்கே அத்திப்பட்டுப் பக்கம் வட சென்னை அனல் மின் நிலையமும் வல்லூர் அனல் மின் நிலையமும் இருக்கின்றன. 1970இல் உற்பத்தியைத் தொடங்கிய பழைய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அதன் விரிவாக்கமாக 660 மெகாவாட் அலகு ஒன்று திட்டமிடப்பட்டது. அந்த அளவுள்ள ஓர் அலகு ஒரு நாள் முழுத்திறனில் ஓடினால் ஏறத்தாழ 14,000 டன் கரியமில வாயு வெளியேறும். 10 டன் ஏற்றும் லாரியில் கணக்கிட்டால் 1,400 லாரி. ஒரு நாளைக்கு, ஓர் அலகுக்கு மட்டும்!

பிடிப்பது எப்படி?

புகைபோக்கிக்குப் போகும் புகையைக் குளிரவைத்து, அமீன் என்னும் இரசாயனக் கரைசல் மழைபோல் பொழியும் கோபுரத்தின் வழியே செலுத்துவார்கள். அமீன் கரியமில வாயுவைப் பற்றிக்கொள்ளும். பிறகு அந்தக் கரைசலைச் சுமார் 120 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால், பற்றிய வாயுவை விட்டுவிடும். கரைசல் மீண்டும் கோபுரத்துக்குப் போகும். வாயு தனியே கிடைக்கும். இதற்கு நிறைய நீராவி வேண்டும். ஒரு நிலக்கரி மின் நிலையம் தன் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் மேலாக இந்த வேலைக்கே செலவிட நேரும். செலவு கூடுவதற்கு இதுவே முதல் காரணம்.

இது நம் மாநிலத்துக்குப் புதிதன்று. தூத்துக்குடியில் உள்ள தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்துச் சோடா உப்புத் தயாரிக்கும் அமைப்பு 2016இல் நிறுவப்பட்டது. ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கும் வகையில் அது வடிவமைக்கப்பட்டது. அரசு மானியம் இல்லாமல் நிறுவப்பட்டதால் உலகின் கவனத்தை ஈர்த்தது. ஆனால் நாம் முன்பு பார்த்த 660 மெகாவாட் அலகுக்கு இந்த 60,000 டன் என்பது நான்கைந்து நாள் புகைதான். செய்ய வேண்டிய வேலை எவ்வளவு பெரிது என்பதை இதிலிருந்து அறியலாம்.

யூரியா மூட்டையில் உள்ள கணக்கு

பிடித்த வாயுவைப் பயன்படுத்துவது வேறு; புதைத்து வைப்பது வேறு. இந்த வேறுபாட்டை உழவர்கள் எளிதில் புரிந்துகொள்ளலாம். ஏனெனில் நாம் வயலில் இடும் யூரியாவே கரியமில வாயுவும் அம்மோனியாவும் சேர்ந்து உண்டான பொருள்தான். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றைச் செய்ய ஏறத்தாழ 33 கிலோ கரியமில வாயு தேவை. யூரியாவை ஈர மண்ணில் இட்டால், மண்ணிலுள்ள யூரியேஸ் என்னும் நொதி சில நாட்களுக்குள் அதைச் சிதைக்கிறது. அம்மோனியா பயிருக்கு உதவுகிறது. கரியமில வாயுவோ பெரும்பகுதி மீண்டும் காற்றில் கலக்கிறது. சோடா உப்பின் கதையும் அதுவே. அதைக் கண்ணாடி உலையில் உருக்கும்போது வாயு திரும்ப வெளியேறிவிடும்.

ஆகவே யாராவது உங்களிடம் வந்து, "இத்தனை ஆயிரம் டன் பிடித்துவிட்டோம்" என்று சொன்னால், "பிடித்தது எங்கே போயிற்று? எத்தனை ஆண்டு அங்கே இருக்கும்?" என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். களஞ்சியத்தில் வைத்த நெல்லும், கடனாகக் கொடுத்து மறு வாரமே திரும்பி வந்த நெல்லும் ஒரே கணக்கில் சேரா.

புதைப்பது எப்படி?

பிடித்த வாயுவை மிகுந்த அழுத்தத்தில் அமுக்குவார்கள். 31 டிகிரி வெப்பத்துக்கு மேல், காற்றழுத்தத்தைப் போல் சுமார் 73 மடங்கு அழுத்தத்தையும் தாண்டினால், கரியமில வாயு திரவம்போல் அடர்த்தியாகிவிடும். நிலத்தில் சுமார் 800 மீட்டர் ஆழத்துக்குக் கீழே இந்த நிலை இயற்கையாகவே நிலவுகிறது. அந்த ஆழத்தில், உவர் நீர் நிரம்பிய மணற்பாறை அடுக்குகள் பல இடங்களில் உள்ளன. பாசனத்துக்கோ குடிக்கவோ அந்த நீர் உதவாது. அந்தப் பாறையின் நுண்துளைகளுக்குள் வாயுவைச் செலுத்துவார்கள். அதன் மேலே நீரும் வாயுவும் எளிதில் ஊடுருவாத களிப்பாறை மூடிபோல் அமைந்திருத்தல் வேண்டும். குதிருக்கு மூடி எப்படியோ, இதற்கு மூடுபாறை அப்படி.

உள்ளே போன வாயுவில் ஒரு பகுதி துளைகளில் சிக்கிக்கொள்ளும். ஒரு பகுதி உவர் நீரில் கரையும். ஒரு பகுதி நாளடைவில் பாறையோடு சேர்ந்து கல்லாகும். ஐஸ்லாந்து நாட்டில் 2012இல் எரிமலைப் பாறையான பசால்ட்டில் செலுத்திய வாயுவில் பெரும்பகுதி இரண்டே ஆண்டுகளில் கல்லாக மாறியது. மணற்பாறையில் அவ்வளவு விரைவாக நடக்காது. ஆகவே மூடுபாறையையும், அதைத் துளைத்துச் செல்லும் கிணறுகளையும் நம்பித்தான் இருக்க வேண்டும்.

நிலத்தடியில் நடப்பது கண்ணுக்குத் தெரியாது என்று மீஞ்சூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1960களில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆரணியாறு–கொசஸ்தலையாறு படுகையில் ஆய்வு செய்து, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் நீர்க்கிணறுகள் அமைத்தார்கள். தொழிற்சாலைக்கும் நகரத்துக்கும் நீர் போயிற்று. அளவுக்கு மீறி இறைத்ததால் நிலத்தடியில் அழுத்தம் குறைந்து, கடல் நீர் உள்நாட்டை நோக்கி நகர்ந்தது. கடற்கரையை ஒட்டியிருந்த உவர்ப்பு பிற்காலத்தில் 10 கிலோமீட்டருக்கும் அப்பால் வந்தது. அது எவ்வளவு தூரம் வந்தது என்பதை எப்படி அறிந்தோம்? ஆண்டுதோறும் கிணறுகளை அளந்ததால் அறிந்தோம். 1987இல் சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்ததற்கும் இத்தகைய அனுபவமே பின்னணி. நீரை எடுத்தால் அழுத்தம் குறைந்து உவர் நீர் நகர்கிறது. வாயுவைச் செலுத்தினால் அழுத்தம் கூடி உவர் நீர் நகரக்கூடும். இரண்டையும் அளந்துதான் அறிய முடியும்.

புதைத்தது அங்கேயே இருக்கிறதா?

இந்தக் கேள்விக்கு விடை சொல்வதே கண்காணிப்பு. வெளிநாடுகளில் நடந்த மூன்றைச் சொல்கிறேன்.

நார்வே நாட்டின் கடலில் ஸ்லைப்னர் என்னும் எரிவாயு வயல் உள்ளது. 1991இல் அந்நாடு கரியமில வாயுவுக்கு வரி விதித்தது. வரி கட்டுவதைவிடப் புதைப்பது மலிவு என்று கண்ட நிறுவனம், 1996 முதல் ஆண்டுக்குச் சுமார் 10 இலட்சம் டன் வரை கடலடிப் பாறையில் செலுத்தியது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒலி அலைகளை அனுப்பி, எதிரொலியைக் கொண்டு வாயு எந்த அடுக்கில் எவ்வளவு பரவியிருக்கிறது என்று படம் எடுத்தார்கள். வயிற்றிலுள்ள குழந்தையை ஸ்கேன் எடுப்பது போன்ற முறைதான்.

அல்ஜீரியாவில் இன் சாலா என்னுமிடத்தில் 2004 முதல் 2011 வரை 38 இலட்சம் டன் செலுத்தினார்கள். மேலே பாலைவன நிலம் சில மில்லிமீட்டர் கணக்கில் உயர்வதைச் செயற்கைக்கோள் காட்டியது. மூடுபாறையின் உறுதியைப் பற்றி ஐயம் எழுந்தது. வாயு மேலே கசியவில்லை; எனினும் செலுத்துவதை நிறுத்திவிட்டார்கள். கண்காணிப்பு இருந்ததால்தான் உரிய காலத்தில் நிறுத்த முடிந்தது.

அமெரிக்காவில், மக்காச்சோளம் விளையும் இல்லினாய் மாநிலத்தில் டிகேட்டர் என்னும் ஊரில், மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் வடிக்கும்போது வரும் வாயுவைப் புதைக்கிறார்கள். அங்கே கண்காணிப்புக்காகத் தோண்டிய கிணற்றின் குழாயே ஆழத்தில் அரித்துப்போய், அனுமதியில்லாத அடுக்குக்குள் திரவம் புகுந்தது. 2024இல் செலுத்துவதை இடையில் நிறுத்த நேர்ந்தது. குடிநீர் கெடவில்லை என்றாலும் உழவர்களிடையே கவலை பரவியது. 2025இல், அப்பகுதியினர் நம்பியிருக்கும் மஹோமெட் நிலத்தடி நீர்ப்படுகையைத் துளைத்துப் புதைப்பதற்கு அம்மாநிலம் தடைச் சட்டம் இயற்றியது. இதில் நமக்குள்ள பாடம் ஒன்று. ஆழ்துளை எதுவாயினும், அளப்பதற்காகப் போட்டதாயினும், அதுவும் ஒரு வழியே. கரியமில வாயு நீருடன் சேர்ந்தால் புளிப்பாகி இரும்பையும் சிமெண்டையும் அரிக்கும். பழைய எண்ணெய்க் கிணறுகள் இருக்கும் பகுதியில் ஒவ்வொன்றையும் தேடி, சரியாக அடைக்கப்பட்டுள்ளதா என்று பார்த்த பிறகே புதைத்தல் வேண்டும்.

மண் விடும் மூச்சு

இப்பொழுது உழவருக்கு மிக முக்கியமான செய்திக்கு வருகிறேன். கனடாவில் வெய்பர்ன் என்னும் எண்ணெய் வயலில் 2000 முதல் கரியமில வாயுவைச் செலுத்தி வந்தார்கள். 2011இல், அருகிலிருந்த பண்ணைக்காரர் குடும்பம் ஒன்று, தங்கள் நிலத்தில் குளம் கொப்பளிக்கிறது, விலங்குகள் இறந்து கிடக்கின்றன, மண்ணில் கரியமில வாயு மிகுதியாக இருக்கிறது என்று முறையிட்டது. உலகமெங்கும் அது செய்தியாயிற்று. ஆய்வு நடந்தது. மண்ணிலிருந்த வாயு இயற்கையாக உண்டானது என்ற முடிவு வந்தது.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்? வேரும் மண்ணிலுள்ள நுண்ணுயிரும் மூச்சுவிடுகின்றன. ஆகவே மண்ணுக்குள் இருக்கும் காற்றில், வெளிக்காற்றைவிடப் பல மடங்கு கரியமில வாயு எப்போதும் உண்டு. தொழுவுரம் இட்டு, மழையும் பெய்து, வெயிலும் அடித்தால் இன்னும் கூடும். ஆனால் மூச்சினால் கரியமில வாயு கூடும்போது அதே அளவுக்கு ஆக்சிஜன் குறையும். நைட்ரஜன் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆழத்திலிருந்து வாயு கசிந்தாலோ, அது ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் சேர்த்தே வெளியே தள்ளும். மேலும், நிலக்கரியிலிருந்து வந்த கரியில் கதிரியக்கக் கரி இராது. பயிரின் மூச்சில் அது இருக்கும். இந்த இரண்டு சோதனைகளாலும் மூலத்தைப் பிரித்தறியலாம்.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். வாயு செலுத்துவதற்கு முன்பே அந்த நிலத்தில், பருவந்தோறும் எடுத்த அளவுகள் குடும்பத்தின் கையில் இருந்திருந்தால், வழக்கும் மனக்கசப்பும் எவ்வளவு குறைந்திருக்கும்! கசிவு இல்லையென்றால் உழவரின் அச்சம் நீங்கியிருக்கும். கசிவு இருந்தால் அவருக்குச் சான்று கிடைத்திருக்கும். தொடக்கநிலை அளவு என்பது இரு தரப்புக்கும் பொதுவான தராசு. செலுத்தத் தொடங்கிய பிறகு அதை எவராலும் உண்டாக்க முடியாது. நான் இன்று சொல்ல வந்ததன் சாரம் இதுவே.

குழாயும் எச்சரிக்கை மணியும்

ஆலையிலிருந்து புதைக்கும் இடம் வரை வாயு குழாயில்தான் போகும். எண்ணூர் மக்களுக்குக் குழாயைப் பற்றி வேறெவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும் வேளையில், கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத் திணறி, உறக்கத்திலிருந்து எழுந்து வீட்டைவிட்டு வெளியேறினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தபோது ஆலை வாயிலருகே ஒரு கன மீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்தது. 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு 400 மைக்ரோகிராம். அம்மாதத் தொடக்கத்தில் அடித்த மிக்ஜாம் புயலில், குழாயைத் தாங்கியிருந்த கற்கள் நகர்ந்து சேதம் செய்திருக்கலாம் என்று ஆய்வுக் குழு கருதியது. தானாகக் கண்டறிந்து அடைக்கும் கருவிகளுடன் புதிய குழாய் அமைத்த பிறகே இயக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

அம்மோனியாவுக்காவது நெடி உண்டு, உறங்குபவனையும் எழுப்பிவிடும். கரியமில வாயுவுக்கு நிறமும் இல்லை, நெடியும் இல்லை. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. ஆகையால் பள்ளத்திலும் கிணற்றிலும் வாய்க்காலிலும் தேங்கும். காற்றில் 100க்கு 4 பங்கு சேர்ந்தாலே உயிருக்கு ஆபத்து. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தின் சடார்ஷியா கிராமத்தருகே 2020 பிப்ரவரி 22 அன்று, கனமழையால் மண் சரிந்து கரியமில வாயுக் குழாய் வெடித்தது. சுமார் 200 பேரை அப்புறப்படுத்தினார்கள்; 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். ஆக்சிஜன் இல்லாமல் கார் எஞ்சின்களே நின்றுவிட்டன. உதவிக்கு விரைந்தவர்களுக்கு அது என்ன வாயு என்பதே முதலில் தெரிந்திருக்கவில்லை. ஆகவே குழாய் போகும் ஊர்தோறும் அளக்கும் கருவியும், எச்சரிக்கை ஒலியும், மேட்டுப் பாங்கான இடத்துக்குப் போகும் வழியும், ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒத்திகையும் வேண்டும். குழாய் எந்தச் சர்வே எண் வழியே போகிறது என்னும் வரைபடம் ஊராட்சி அலுவலகத்தில் இருத்தல் வேண்டும்.

விதிமுறையும் பொறுப்பும்

நிலத்தடியில் புதைப்பதற்கான உலகத் தர விதி ஐ.எஸ்.ஓ. 27914 என்னும் பெயரில் 2017இல் வெளிவந்தது. இடம் தேர்தல், கிணறு அமைத்தல், கண்காணித்தல், மூடுதல் ஆகியவற்றை அது வரையறுக்கிறது. தர விதி வழிகாட்டும், சட்டம்தான் கட்டுப்படுத்தும். ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் சட்டம் செய்தது. புதைக்கும் இடத்தை மூடிய பிறகும் பொதுவாகக் குறைந்தது 20 ஆண்டுகளுக்கு நிறுவனமே பொறுப்பு. அதன் பின் அரசிடம் ஒப்படைக்கும்போது மேலும் 30 ஆண்டுக் கண்காணிப்புக்காவது பணம் கட்ட வேண்டும். அமெரிக்கா 2010இல் வகுத்த விதி, மூடிய பிறகு 50 ஆண்டுக் கண்காணிப்பைப் பொது அளவாக வைத்தது.

நம் நாட்டில் நிதி ஆயோக் 2022 நவம்பரில் இதற்கான கொள்கை வரைவை அறிக்கையாக வெளியிட்டது. 2050க்குள் ஆண்டுக்கு 75 கோடி டன் பிடிக்கும் திறனை அது இலக்காகக் கூறியது. ஆலைகள் எர்ணாவூர்ப் பக்கம் இருந்தாலும், புதைக்க ஏற்ற ஆழமான படிவுப் பாறைகளைக் காவிரிப் படுகை, கிருஷ்ணா–கோதாவரிப் படுகை போன்ற இடங்களில்தான் தேடுவார்கள். காவிரிப் பாசனப் பகுதிக்குத் தமிழ்நாடு 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இயற்றியிருக்கிறது. எண்ணெய், எரிவாயு எடுப்பதற்குப் புதிதாகத் துளையிடுவதை அது தடுக்கிறது. எடுப்பதற்குத் துளையிடுவது போலவே புதைப்பதற்குத் துளையிடுவதும் அதில் அடங்கும் என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதி வைக்கும்படி உழவர் சங்கங்கள் கேட்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. உங்கள் கிணற்றுக்கு ஒரு பதிவேடு தொடங்குங்கள். ஆண்டுக்கு இருமுறை, கோடையில் மே மாதமும், மழை ஓய்ந்த பின் ஜனவரியிலும், நீர்மட்டத்தைக் கயிறுகட்டி அளந்து எழுதுங்கள்.

2. அதே நாட்களில் நீர் மாதிரி எடுங்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே நீரால் புட்டியை மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் நிரப்பி, காற்றில்லாமல் மூடுங்கள். பெயர், சர்வே எண், தேதி எழுதி உடனே பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புங்கள்.

3. கார அமில நிலை, மின் கடத்தும் திறன், பைகார்பனேட், குளோரைடு, இரும்பு ஆகியவற்றைக் கேட்டுப் பெறுங்கள். குளோரைடு ஏறினால் உவர் நீர் நகர்வதாக ஐயுறலாம். கார அமில நிலை இறங்கி, பைகார்பனேட்டும் இரும்பும் ஏறினால் கரியமில வாயு கலப்பதாக ஐயுறலாம். ஒரு முறை கண்டதை வைத்து முடிவு செய்யாமல், தொடர்ந்து அளந்து ஒப்பிடுங்கள்.

4. முடிவுத் தாள்களைப் பத்திரப்படுத்துங்கள். பக்கத்து நிலத்துக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து செய்தால் செலவும் குறையும், சான்றும் வலுவாகும்.

5. குழாய்க்கோ துளைக்கோ சம்மதம் கேட்டு யாரேனும் வந்தால், கையெழுத்திடும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். தொடக்கநிலை அளவை எடுப்பவர் யார்? அளவுகள் ஊராருக்குத் தமிழில் கிடைக்குமா? கசிந்தால் நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? ஆலை மூடிய பிறகு எத்தனை ஆண்டு, யார் பொறுப்பு? விடைகளை எழுத்தில் வாங்குங்கள்.

உழவர் பெருமக்களே! கரியமில வாயு பெருகினால் மழையும் பருவமும் தடுமாறும் என்பதை நம்மைவிட அறிந்தவர் இல்லை. அதைக் குறைக்கும் முயற்சி எதுவும் நமக்கு எதிரி ஆகாது. ஆனால் அடங்கல் இல்லாத நிலமும் அளவு இல்லாத கிணறும் வழக்கில் நிற்காது. இவ்வட்டாரத்தில் இத்தகைய திட்டம் வருமோ வராதோ, கிணற்றுப் பதிவேடு எப்படியும் வீணாகாது. உவர்ப்பு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதையாவது அது உங்களுக்குச் சொல்லும். வருகிற மே மாதமே முதல் பக்கத்தை எழுதத் தொடங்குங்கள்.